மகளை ஜூடோவில் சேர்க்கலாமா?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு உடம்பு தேறியது பெரிய நிம்மதி. பாப்பாவை ஜூடோவில் சேர்த்தால் அடிபடுமோ என்று கேட்டிருந்தாய், அதற்குத்தான் உடனே எழுதுகிறேன். எங்கள் சின்னவன் போகிற வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்த்ததில் எனக்கே அதன் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஜூடோ எதிராளியைப் பிடித்துத் தூக்கிப்போடுகிற கலை என்றாலும், அங்கே முதலில் விழத்தான் சொல்லித் தருகிறார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு பாயில் படும் அதே நொடியில் கையை நீட்டி ஓங்கித் தட்ட வேண்டும். அடி ஒரே இடத்தில் இறங்காது, தலையும் தப்பிவிடும். இது பழகிய பிறகுதான் மற்றதெல்லாம்.

ஜூடோவை உருவாக்கிய ஜப்பானியர் கானோ ஜிகோரோ குள்ளமானவர், ஒல்லி, பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிவாங்கியவர். சாமுராய் வீரர்களின் காலம் முடிந்து, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையை மக்கள் கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஆசிரியர்களைத் தேடிப்போய் அதைக் கற்றார். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கிற அளவு இடத்தில் கோடோகன் பள்ளியைத் தொடங்கியபோது வயது இருபத்தொன்றுதான். அடிப்பது, குத்துவது போன்ற ஆபத்தான நுட்பங்களை முன்கூட்டியே முடிவுசெய்த அசைவுகளாகச் செய்யும் 'கத்தா'வில் மட்டும் வைத்துக்கொண்டு, 'ரந்தோரி' என்ற சுதந்திரப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார். இதனால் கலை நீர்த்துப்போனது என்பவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆபத்தைக் குறைத்ததால்தானே, எதிர்த்து நிற்கிற ஆளோடு தினமும் முழுபலத்தோடு மோத முடிகிறது! பயன்படுத்தாத கொடிய பிடி நூறு தெரிந்து என்ன பிரயோசனம்?

அவர் சொன்ன கணக்கு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதிரியின் பலம் பத்து, உன் பலம் ஏழு. எதிர்த்துத் தள்ளினால் தோற்பாய். அவன் தள்ளும்போது நீ பின்வாங்கி இழுத்தால் அவன் நிலைகுலைவான், அந்த நிலையில் அவன் பலம் மூன்றுதான், உன்னிடம் ஏழும் அப்படியே இருக்கும். தூக்கிப்போடுவது அதற்கப்புறம். 'பலத்தைச் சிறப்பாகப் பயன்படுத்து' என்ற கொள்கையோடு 'நீயும் நானும் சேர்ந்து வளர்வோம்' என்பதையும் அவர் வைத்தார். கூடப் பயில்கிறவன் உடம்பை நம்பி ஒப்படைக்காவிட்டால் நீ எதையும் கற்க முடியாது, அதனால்தான் தூக்கிப்போடும்போதும் அவன் சட்டைக் கையை விடாமல் பிடித்து மெதுவாக இறக்குகிறார்கள்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ வந்தது, பெண்களுக்குப் பதக்கம் 1992 பார்சிலோனாவில்தான். பாப்பாவுக்கு இதைச் சொல்.

சரி, சேர்க்கும் முன் ஒருநாள் போய்ப் பார். பாய் தடிமனாக இருக்கிறதா, விழுவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று கவனி. அவசரப்பட்டு ஆளைத் தூக்கிப்போடச் சொல்லித் தருகிற இடமென்றால் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டி அனுப்பு. வகுப்பு எப்படி என்று எழுது.

அன்புடன்,
குமார்