மஞ்சள் விளக்குக்கு ஒரு பதில்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் சரிவந்த செய்தியை நான்கு வரியில் முடித்துவிட்டு, காரில் எரியும் மஞ்சள் விளக்குக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். மகளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல். இனி விளக்குக்கு வருகிறேன்.

சறுக்கும் கார்ப் படம் போட்ட அந்த விளக்கு, சில்லு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கண்ட்ரோலுக்குரியது. அது மினுங்குகிறதா, விடாமல் எரிகிறதா? முக்கியமான இதை மட்டும் நீ எழுதவில்லை. மினுங்கினால் கவலை வேண்டாம். ஒவ்வொரு சில்லிலும் வேகத்தை அளக்கும் சென்சர் உண்டு. எஞ்சின் இழுக்கும் சில்லு மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால், அது வழுக்குகிறது என்று கணினி கண்டுகொள்ளும். உடனே எஞ்சினின் இழுவையைக் குறைக்கும், அல்லது அந்தச் சில்லுக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். அந்த வேலை நடக்கும்போதுதான் விளக்கு மினுங்கும். மழை நாளில் இங்கே காலி (Galle) வீதியில் சிக்னலில் பச்சை விழுந்ததும் அவசரப்பட்டு எடுத்தால் என் காரிலும் இதே கூத்துதான்.

விடாமல் எரிந்தால், முதலில் யாராவது பொத்தானை அழுத்தி டிராக்ஷன் கண்ட்ரோலை நிறுத்திவிட்டார்களா என்று பார். மன்னார் மணலில் புதைந்தபோது உன் மகனே அழுத்தியிருப்பான். மணலிலிருந்து வெளியேற அப்படிச் செய்வது சரிதான். அதுவும் இல்லையென்றால் பழுது. பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸின் விளக்கும் கூடவே எரிந்தால் சென்சரைச் சந்தேகி, இரண்டுக்கும் அதே சென்சர்கள்தான். ஒரு பக்கம் மட்டும் புது டயர் போட்டதாக எழுதியிருந்தாய். அளவு ஒன்றுதானா? சிறிய டயர் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், அதைக் கணினி வழுக்கலாக எடுத்துக்கொள்ளக்கூடும். இந்தப் பழுது இருந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஏ.பி.எஸ். வேலை செய்யாவிட்டால் ஈர வீதியில் அழுத்திப் பிடிக்கும்போது சில்லு இறுகிச் சறுக்கும், ஆகவே மெதுவாகக் கராஜுக்குப் போ. பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய சென்சர் தேடித் தருகிறேன். அதற்கு முன் சென்சரில் படிந்த சேற்றைத் துடைத்து, வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். பலர் அதைச் செய்யாமலே பாகத்தை மாற்றிவிடுகிறார்கள்.

மச்சினனும் கார் தேடுகிறான். 2025 இல் வாகன இறக்குமதியை மீண்டும் திறந்துவிட்டாலும் வரியைக் கேட்டதும் பழைய காருக்கே திரும்பிவிட்டான். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்த விளக்கு சில நொடி எரிந்து, அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விற்பவர் பழுதை மறைக்க விளக்கையே கழற்றியிருக்கலாம். சனிக்கிழமை தெகிவளையில் ஒன்றைப் பார்க்கப் போகிறோம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்