செயலாளரின் ஆண்டறிக்கை: வேலிச் செவ்வரத்தையும் புதிய கலப்புகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செவ்வரத்தை (செம்பருத்தி) வளர்க்கும் எங்கள் சங்கத்தின் மாதாந்தக் கூட்டங்கள் அங்கத்தவர் வீடுகளில் ஒழுங்காக நடந்தன. கன்றுப் பரிமாற்றம் வழமைபோல மாரிக்கு முன்னர் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

இவ்வாண்டு எல்லாக் கூட்டங்களிலும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: வெளியூர்களிலிருந்து ஆசையாக வாங்கி வந்த கலப்பினச் செவ்வரத்தைக் கன்றுகள் ஏன் இங்கே வெளிறிப்போகின்றன? இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. கிணற்று நீரிலும் சுண்ணாம்பு. மண்ணில் இரும்பு இருந்தாலும் அந்தக் காரத்தில் வேருக்கு எட்டாது. செவ்வரத்தைக்கு உகந்தது, அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6 முதல் 7 வரையான மண். ஆகவே அடுப்புச் சாம்பலை இதன் அடியில் கொட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாம்பல் காரத்தைக் கூட்டும். மாட்டெருவும் இலைக்குப்பை மூடாக்கும் போட்டு, பிடித்துவைத்த மழைநீர் ஊற்றிய சாடிக் கன்றுகள் நன்றாகத் தேறியுள்ளன.

நிலத்தில் நடுவதற்கு நாம் கண்ட நல்ல வழி, பழைய ஒற்றையடுக்குச் சிவப்புச் செவ்வரத்தையில் கலப்பினக் கிளையை ஒட்டுவது. பழைய செவ்வரத்தையின் பென்சில் பருமனான வேர்விட்ட தடியை, அதாவது அடித்தடியை, மட்டமாக வெட்டி நடுவே பிளக்க வேண்டும். ஒட்டுக்கிளையை ஆப்புப்போல இருபக்கமும் சீவி, ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை பொருந்த இறக்கி, நாடாவால் இறுகச் சுற்றி, மேலே பொலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் மூன்று நான்கு கிழமைகளில் தளிர் தெரியும். ஒட்டுக்குக் கீழே வெடிக்கும் தளிர்களை உடனுக்குடன் கிள்ளாவிட்டால் அடித்தடியே மரமாகிவிடும்.

இந்த அடித்தடி எங்கிருந்து வருகிறது? பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகளிலிருந்து. பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் காலையில் பூப்பறித்த அதே மரங்கள், பாடசாலையில் பூவின் பாகங்களைப் படிக்க நாங்கள் பிளந்து பார்த்த அதே பூ. வேலிகள் மதில்களாக மாற, அவை ஒழுங்கை ஒழுங்கையாக வெட்டுப்படுகின்றன. புதிய நிறங்களுக்காகப் பணம் செலவழிக்கும் நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. இந்தப் பழைய மரம் இங்கே தானாகக் காய்ப்பது அரிது. தடி வெட்டி நடாவிட்டால் அடியோடு இல்லாமற் போய்விடும்.

கலப்பு முயற்சிகள் தை, மாசியில் நடந்தன. மழையில் மகரந்தம் நனைந்து கெடும். வெயில் ஏறிய பிறகு பிஞ்சு உதிரும். பனிக்காலக் காலையில் தந்தைப் பூவின் மகரந்தத்தைத் தாய்ப் பூவின் நடுத்தண்டு நுனியிலுள்ள ஐந்து குறிகளிலும் தொட்டுவைக்க வேண்டும். அடுக்குப் பூக்களில் மகரந்தம் தரும் கேசரங்கள் இதழாகிவிடுவதால் மகரந்தம் குறைவு. கிழிந்த இதழோடு தலைகீழாகத் தொங்கும் கிழக்காபிரிக்கச் செவ்வரத்தை, இன்றைய கலப்பினங்கள் பலவற்றின் மூதாதைகளில் ஒன்று. அதையும் அங்கத்தவர் சிலர் தந்தையாக எடுத்துள்ளனர். பிடித்த காய் முற்ற 6 முதல் 8 கிழமை. விதையின் தோலை மெல்லக் கீறி விதைத்தால் இரண்டு கிழமைக்குள் முளைக்கும். முதற்பூவுக்கு ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருக்க வேண்டும். ஒரே காயின் விதைகள்கூட ஒன்றுபோல் பூக்காது என்பதுதான் இதன் மகிழ்ச்சி. பிடித்த பூவைத் தொடர்ந்து காப்பாற்ற ஒட்டும் பதியமும் தடியுமே வழி.

பெயர் அட்டை பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பேனா எழுத்து வெயிலில் அழிந்துவிடுகிறது. சோடாத் தகரத்தை நாடாவாக வெட்டி, ஆணியால் அழுத்தி எழுதிக் கட்டுங்கள்: தாயின் பெயர் முதலில், தந்தையின் பெயர் பிறகு, கலந்த திகதி. பெற்றோர் தெரியாத கன்றை அடுத்த கலப்புக்கு நம்பி எடுக்க முடியாது.

மாவுப்பூச்சி இவ்வாண்டும் தொல்லை தந்தது. சுருண்ட நுனிகளை வெட்டி எரித்ததும், எறும்பை அண்டவிடாமல் பார்த்ததும் பலன் தந்தன.

வரும் ஆண்டுக்கு நிர்வாக சபை முன்வைக்கும் தீர்மானம்: ஒவ்வோர் அங்கத்தவரும் தம் வளவில் பழைய சிவப்புச் செவ்வரத்தை ஒன்றையாவது வளர்ப்பதோடு, மதில் கட்டும் அயலவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தடி வெட்டி வந்து சங்கத்திடம் கொடுக்க வேண்டும். இத்தீர்மானத்தையும் இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு சபையைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்