கொழும்பு பாமசி உரிமையாளர்களுக்கு: புரோபயோடிக்கைப் பிரஷர் மருந்தாக விற்காதீர்கள்

அன்புடையீர்,

காலி வீதியில், வெள்ளவத்தைப் பக்கம் உள்ள ஒரு பாமசிக்கு என் பெரியம்மா வயிற்றுப் பொருமலுக்கு ஏதாவது வாங்கப் போனார். புரோபயோடிக் (குடலுக்கு நல்லது என்று விற்கப்படும் உயிருள்ள பற்றீரியா) போத்தல் ஒன்றை நீட்டிய தம்பி, "இது பிரஷருக்கும் நல்லது அம்மா, இயற்கையானது" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே எடுக்கும் பிரஷர் குளிசையும் இதுவும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று பெரியம்மாவுக்குப் பயம். அந்த லொசார்டன் குளிசையை ஒன்றுவிட்டொரு நாளாக்கிவிட்டார். அடுத்த கிளினிக்கில் மேல் அழுத்தம் 170ஐத் தாண்டி நின்றது.

தம்பி சொன்னது முழுப் பொய் அன்று, அதுதான் தொல்லை. 9 பரிசோதனைகளை, 543 பேரின் தரவுகளைத் திரட்டி 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. புரோபயோடிக் எடுத்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 3.56 புள்ளியும் கீழ் அழுத்தம் 2.38 புள்ளியும் குறைந்திருந்தன. நாளுக்கு 10,000 கோடி பற்றீரியாவுக்குக் குறைந்தாலோ, 8 வாரத்துக்கு முன்பே நிறுத்தினாலோ குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. சாதாரண அளவில் ஒரு பிரஷர் குளிசையோ மேல் அழுத்தத்தை ஏறத்தாழ 9 புள்ளி குறைக்கும். 160 உள்ளவருக்கு இவற்றில் எது கைகொடுக்கும் என்பதை உங்கள் மருந்தாளருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் போத்தல் இருந்த இடத்தையும் போய்ப் பார்த்தேன். கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டு. பின்னேர வெயில் நேரே அதன்மேல் விழுகிறது. 25 பாகைக்குக் கீழே வைக்கவும் என்கிறது லேபிள். கொழும்பில் நிழலிலேயே 30 அடிக்கிறது. உள்ளே இருப்பவை உயிர்கள், சூட்டில் செத்துப்போகும். தயாரித்த அன்றைய எண்ணிக்கைதான் அதில் அச்சாகியிருக்கிறது. வாங்குகிறவர் விழுங்கும்போது எத்தனை மிஞ்சும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

குடலுக்கும் பிரஷருக்கும் தொடர்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. நார்ச்சத்தைக் குடல் பற்றீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் கொழுப்பமிலங்கள் இரத்தக் குழாய்கள் வரை வேலை செய்து பிரஷர் தணிய உதவுகின்றன. உப்பு எதிர்த்திசையில் இழுக்கிறது. பெர்லின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், உப்புக் கூடிய உணவு தின்ற எலிகளின் குடலில் லக்டோபசிலஸ் என்ற பற்றீரியா அருகியது, பிரஷர் ஏறியது. அந்தப் பற்றீரியாவைக் கொடுத்ததும் பிரஷர் தணிந்தது. 12 ஆண்களுக்கு 14 நாள், நாளுக்கு 6 கிராம் உப்பு மேலதிகமாகக் கொடுத்தபோது அவர்களுக்கும் பிரஷர் ஏறியது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முழு நாள் எல்லையே 5 கிராம்தான். கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் ஒரே தட்டில் விழும் நம் வீடுகளில் அது மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். (சில பாமசிகளில் காசு வாங்கும் மேசையிலேயே மிக்சர் பைக்கற்று தொங்குகிறது. அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.)

வயிற்றுக்கு என்று விற்பதை நான் தடுக்கவில்லை. பிரஷர் என்ற சொல்லை மட்டும் கவுண்டரில் நிற்பவர்கள் விட்டுவிடட்டும். வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்கட்டும். எதையும் நிறுத்த வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வாங்கக்கூடாது. போத்தல்களைக் குளிரான இடத்துக்கு மாற்றுங்கள்.

பிரஷர் பார்க்கும் கருவி உங்களில் பலரிடம் இருக்கிறது. பிரஷருக்கென்று கேட்டு வருபவருக்கு அதைக் கட்டிப் பார்த்து, 140க்கு மேல் காட்டினால், போத்தலுக்குப் பதிலாக அந்த இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொடுத்து கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கொழும்பு 6 வாசி ஒருவர்