எந்தப் புதினா என்று எழுதச் சொல்லுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் சென்னை அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் திருவல்லிக்கேணியில் குடியிருப்பவள். மிட்டாய், சூயிங் கம், பானம் இவற்றின் உறைகளில் ஒரு சொல்லைக் கூடுதலாக அச்சிட வைக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

போன வருஷம் என் அக்காவுக்கு உதடு வெடித்துத் தோல் உரிய ஆரம்பித்தது. வெயில் என்றோம். தண்ணீர் குடிப்பதில்லை என்று திட்டினோம். வைட்டமின் மாத்திரையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். காரமாக எதையும் வாயில் வைக்க முடியாமல் ஐந்து மாதம் தயிர்சாதத்திலேயே ஓடியது. கடைசியில் ஒரு தோல் மருத்துவர் எது ஒவ்வாமை தருகிறது என்று பார்க்க, அவள் முதுகில் வெவ்வேறு பொருள்கள் வைத்த ஒட்டுகளை வரிசையாகப் போட்டு, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். கார்வோன் வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது.

ஸ்பியர்மின்ட் என்ற புதினா வகைக்கு அதன் மணத்தைத் தருவது இந்தக் கார்வோன்தான். கோயம்பேட்டில் கட்டுக்கட்டாக வாங்கித் துவையல் அரைக்கிறோமே, பிரியாணியில் கைநிறைய அள்ளிப் போடுகிறோமே, அது பெரும்பாலும் இந்த வகைதான். அதன் எண்ணெயில் வழக்கமாகப் பாதிக்கு மேல் கார்வோன் இருக்கும், மென்தால் மிகமிகக் குறைவு. அதனால்தான் துவையல் கமகமவென்று மணந்தாலும் நாக்கு ஜில்லிடுவதில்லை. பெப்பர்மின்ட் வேறு. ஸ்பியர்மின்ட்டும் நீரோரத்தில் வளரும் இன்னொரு புதினாவும் கலந்து பிறந்த செடி அது. அதில் மென்தாலின் கைதான் ஓங்கியிருக்கும். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கிப் பக்கம் ஏக்கர் கணக்கில் பயிராகும் மென்தால் புதினா மூன்றாவது வகை. மென்தால் பட்டதும் வாய் உண்மையில் குளிர்வதில்லை. குளிரை உணரும் நரம்புகளை அது தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

சதகுப்பையிலும் கார்வோன் உண்டு என்பதை இதையெல்லாம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் வலது கையும் இடது கையும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். அணுக்கள் அதே எண்ணிக்கைதான். மூக்கு மட்டும் இது புதினா, அது சதகுப்பை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது. எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் புதினாவைக் கண்டு பயப்பட வேண்டாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஸ்பியர்மின்ட்டையும் அதன் எண்ணெயையும் பாதுகாப்பானவை என்று பொதுவாக ஏற்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சமையலில் சேர்க்கும் அளவு பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. எண்ணெயை அப்படியே குடிப்பது வேறு விஷயம், அது இலையைப் பல மடங்கு செறிவாக்கியது. கார்வோன் ஒவ்வாமை அரிதானதுதான். ஆனால் அது வந்தவர்களுக்கு விலகியிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதிலிருந்து விலகுவது? இலையாகக் கண்ணுக்குத் தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். அக்கா இப்போது கல்யாணப் பந்தியில் பச்சைச் சட்னியைத் தொடுவதில்லை. பொட்டலத்தில் வருவதை என்ன செய்ய? இன்றைய விதிப்படி செயற்கைச் சுவையூட்டி என்றால் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். இயற்கைச் சுவையூட்டிக்கும் இயற்கையை ஒத்த சுவையூட்டிக்கும் வகையைக் குறிப்பிட்டாலே போதும். அதாவது உண்மையான ஸ்பியர்மின்ட் எண்ணெயைச் சேர்ப்பவர் அந்தப் பெயரைச் சொல்லத் தேவையில்லை! முன்பக்கம் பெரிதாக ‘மின்ட்’ என்றிருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் ‘சுவையூட்டி சேர்க்கப்பட்டது’ என்றிருக்கும். அது கார்வோனா மென்தாலா என்பது தெரியவே தெரியாது. ஒரு நிறுவனத்தின் நுகர்வோர் எண்ணுக்கு அக்கா மூன்று முறை போன் செய்தாள். தொழில் ரகசியம், சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார்கள். முழுச் சூத்திரத்தையா கேட்டாள்? எந்தப் புதினா என்றுதானே கேட்டாள்.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் அழகுசாதனப் பொருள்களுக்கான விதியைத் திருத்தியபோது, பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டிய மணப்பொருள்களில் கார்வோனையும் சேர்த்தது. பற்பசையும் அந்த விதிக்குள் வருகிறது. நம் ஊரில் பற்பசை உங்கள் பொறுப்பில் இல்லை, தெரியும். உணவு உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. புதினாச் சுவை எதில் சேர்ந்தாலும் அது ஸ்பியர்மின்ட்டா, பெப்பர்மின்ட்டா, மென்தாலா என்று உறையில் எழுதச் சொல்லுங்கள். விதியைத் திருத்துவது தில்லியில்தான் நடக்கும் என்றால், சென்னையிலிருந்து இந்தப் பரிந்துரையை அனுப்புங்கள்.

சாப்பிட்டு உதடு வீங்கிய ஒவ்வொரு பொருளின் உறையையும் அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவில் தேதி எழுதிப் போட்டு வைத்திருக்கிறாள். இதுவரை பதினேழு. ஒன்றில்கூட எந்தப் புதினா என்று இல்லை. நேரில் வரச் சொன்னால் அந்த டப்பாவோடு வருகிறோம்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு தங்கை