அரைப்பக்கம் சுரண்டிய கம்பி

திருமங்கலம்,
ஆகஸ்ட் 3

பாப்பா,

இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பேசி அனுப்புவதை நீ வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்கிறாய் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

போன மாதம் பெங்களூரில் உங்கள் வீட்டில் இருந்தபோது குட்டியின் அலமாரியை எண்ணிப் பார்த்தேன். அறிவியல் விளையாட்டுப் பெட்டிகள் ஏழு. ஒன்றை என் முன்னாலேயே பிரித்தான். ஓட்டை போட்ட பலகை, அளவாக வெட்டிய ஒயர், நம்பர் ஒட்டிய ஸ்க்ரூ. இருபது நிமிஷத்தில் ஒரு கார் தயார். ஓடவும் செய்தது. இரண்டு சுற்று விட்டுவிட்டு டப்பாவுக்குள் போட்டு மூடி, டிவி பக்கம் போய்விட்டான். "அடுத்து என்னப்பா வாங்கித் தரலாம்?" என்று நீ கேட்டாய். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெட்டியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. உனக்கு நான் கொடுத்ததும் அதே மாதிரி ஒரு பெட்டிதான்.

நீ எட்டாவது படித்தபோது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கடையில் அன்று மூன்று சப்மெர்சிபிள் மோட்டார் காயில் கட்ட வந்து கிடந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் இரண்டு சம்சாரிகள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு உன் மோட்டாரைச் செய்ய உட்கார்ந்தேன். நீ பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாய். "நான் சுத்துறேன்ப்பா" என்று இரண்டு தடவை கேட்டாய். கம்பி வீணாகும் என்றேன். வீணாகிப் போனாலும் அன்றைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் போயிருக்காது. ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது. பலகைக்கு வார்னிஷ்கூட அடித்தேன். நீ ஸ்டூலிலேயே தூங்கிவிட்டாய்.

மறுநாள் மோட்டார் நன்றாகத்தான் சுற்றியது. நடுவராக வந்தவர் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இந்த முனையில கம்பியை ஒரு பக்கம் மட்டும் சுரண்டியிருக்கு, இன்னொரு பக்கம் அப்படியே இருக்கே, எதுக்கு?" என்றார். நீ மனப்பாடம் செய்து வைத்திருந்த பத்து வரியில் அது இல்லை. கூட்டத்துக்குள் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் வாயைத் திறக்க முடியுமா? இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். சான்றிதழ் பீரோவில் இன்னும் இருக்கிறது. பேர் உன்னுடையது, வேலை என்னுடையது. அதற்கப்புறம் நீ கடைக்குள் வந்து ஒரு கம்பியைத் தொட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நீ நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிறாய். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் போன மாதம் குட்டி, "அம்மா, மோட்டார் எப்படிச் சுத்துது?" என்று கேட்டதற்கு, "தாத்தாகிட்ட கேளு, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றாயே, அது ஊருக்கு வரும்வரை பஸ்ஸில் என் கூடவே வந்தது.

சரி. அந்த நடுவருக்கு நீ சொல்ல முடியாமல் போன பதிலை இப்போது எழுதுகிறேன். உனக்கு மட்டும்தான். குட்டியிடம் சொல்லிவிடாதே.

பார்சலில் 24 கேஜ் எனாமல் கம்பி 20 மீட்டர் இருக்கிறது. ஐம்பது கிராம்கூட வராது. இரண்டு பெரிய ஊக்கு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், சைக்கிள் டியூபைக் குறுக்கே வெட்டிய ரப்பர் வளையம் நாலு, உப்புத்தாள் ஒன்று. பெரிய டார்ச் செல் நீ அங்கே வாங்கிக்கொள். சாதாரண செல்லே போதும், விலை கூடின அல்கலைன் வேண்டாம். அதில் கரண்ட் அதிகமாகப் பாய்ந்து கம்பி வேகமாகச் சூடாகும்.

செல்லின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊக்கை நிறுத்தி, ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். ஊக்கின் சின்ன வளையம் இரண்டும் மேலே, ஒரே உயரத்தில் இருக்கட்டும். செல்லின் முதுகில் காந்தத்தை வைக்க வேண்டும். மருந்துப் பாட்டில் மாதிரி ஏதாவது ஒன்றின் மேல் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி, உருவி எடுத்து, இரண்டு முனையையும் எதிரெதிர்ப் பக்கமாக நேராக நீட்டினால் அதுதான் காயில். அந்த இரண்டு முனையும் ஊக்கு வளையத்துக்குள் அச்சு மாதிரி உட்காரும். விரலால் லேசாகத் தட்டிவிட்டால் சுற்ற வேண்டும்.

சுற்றாது. முதல் தடவை யாருக்கும் சுற்றாது.

எனாமல் கம்பி பார்க்கப் பளபளவென்று செம்பு மாதிரியே இருக்கும். மேலே மெல்லிய பூச்சு இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுரண்டாவிட்டால் கரண்ட் போகாது. எத்தனை நாள் கழித்து அவனுக்கு அது பிடிபடுகிறது என்று பார். பிடிபட்டதும் உற்சாகத்தில் இரண்டு முனையையும் சுற்றிலும் சுரண்டிவிடுவான். அப்போது காயில் உயிர் வந்த மாதிரி துள்ளும், ஆனால் பெரும்பாலும் சுற்றாது. அரைச் சுற்று போகும், திரும்பி வரும், நடுங்கிக்கொண்டு நிற்கும். காரணம் இதுதான்: கரண்ட் ஓடும் காயிலைக் காந்தம் ஒரு பக்கமாகத் திருப்புகிறது. அரைச் சுற்று முடிந்ததும் காயிலின் மேல்பக்கம் கீழே வந்துவிடுகிறது. அதே கரண்ட் அதே வழியில் ஓடினால் இப்போது காந்தம் அதை வந்த வழிக்கே திருப்பித் தள்ளும். ஊஞ்சலை முன்னால் தள்ளிவிட்டு, போகும்போதே பின்னாலும் இழுத்தால் என்ன ஆகும், அதுதான். அதனால் ஒரு முனையை முழுக்கச் சுரண்டிவிட்டு, மறுமுனையில் பாதிப் பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். பாதிச் சுற்றில் கரண்ட் பாயும், மீதிப் பாதியில் பூச்சு தடுத்துவிடும், வந்த வேகத்திலேயே காயில் உருண்டு தாண்டிவிடும். மிக்ஸியில் கார்பன் தேய்ந்துவிட்டது என்று கொண்டுவருவார்களே, அந்தக் கார்பன் உரசும் கம்யூட்டேட்டர் செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். அது கரண்டை நிறுத்தாமல் திசையையே மாற்றிவிடும். கொஞ்சம் கெட்டிக்கார ஏற்பாடு.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதிப் பக்கம் என்றால் எந்தப் பாதி? காயிலை மேஜை ஓரத்தில் நிமிர்த்திப் பிடித்து, முனையை மேஜைமேல் வைத்து, மேல்பக்கத்தைச் சுரண்ட வேண்டும். காயிலைப் படுக்க வைத்து மேல்பக்கத்தைச் சுரண்டினால் சுற்றாது. படுத்த நிலையை ஒட்டியே கரண்ட் பாய்வதால் ஒரு பக்கம் தள்ளும் தள்ளை அடுத்த பக்கம் தின்றுவிடும். எனக்கே இது தெரியாமல் முதலாளியிடம் தொழில் பழகிய காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அவர் திண்ணையில் வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம்! சாயங்காலம் அது சுற்றியபோது அவரைக் கூப்பிட ஓடினேன்.

அவர் எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

சுற்ற ஆரம்பித்த பிறகு காந்தத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல், எதிர்ப்பக்கம் சுற்றும். சுற்று எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன, அவனே கேட்பான். கேட்டால், "போட்டுப் பார்" என்று மட்டும் சொல். நின்றுபோன காயிலை ஊக்கிலேயே விட்டுவைக்க வேண்டாம், செல் சுட்டுத் தீர்ந்துபோகும்.

கம்பி முதன்முதலில் காந்தத்தைச் சுற்றி ஓடியது 1821-ல், லண்டனில், ஃபாரடே என்ற விஞ்ஞானியின் மேஜையில். கிண்ணத்தில் பாதரசம், நடுவில் காந்தம், மேலிருந்து தொங்கும் ஒரு கம்பி, அவ்வளவுதான் சாமான். (நீங்கள் பாதரசத்தின் பக்கம் போக வேண்டாம்.) அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்து, கையில் மிஞ்சிய காசுக்குச் சின்னச் சின்னதாகச் செய்து பார்த்தவர். நம் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டதை உனக்குச் சின்ன வயதில் கதையாகச் சொல்லியிருக்கிறேன். கதைதான் சொன்னேன், பிரிக்க ஒன்றும் கொடுக்கவில்லை.

அதனால் பார்சலின் அடியில் நம் வீட்டுச் சமையலறைக் கடிகாரத்தையும் வைத்திருக்கிறேன். ஓடாது. அதை அவனிடம் கொடுத்து ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் கொடு. உள்ளே தலைமுடி மாதிரிக் கம்பியில் ஒரு காயிலும், அதன் பக்கத்தில் ஒரு குட்டிக் காந்தமும் இருக்கும். மோட்டார் செய்த பிறகு கொடுத்தால் நல்லது, தானே அடையாளம் கண்டுகொள்வான். டார்ச், ரிமோட், சைக்கிள் பெல் எல்லாம் பிரிக்கலாம், செல்லை எடுத்துவிட்டு. செல்போன் பேட்டரி, சார்ஜர், மைக்ரோவேவ், இன்வெர்ட்டர், பழைய டிவி இவற்றைத் தொடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிலவற்றின் கப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். எனக்கு வலது கைக் கட்டைவிரலில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். அப்புறம், பொம்மைகளில் வரும் பொத்தான் செல். உங்கள் வீட்டுக்கு வரும் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை. விழுங்கினால் தொண்டையை அரித்துவிடும்.

வால்டியூப் (சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்) ஒரு மீட்டரும் தீப்பெட்டி ஒரு கட்டும் கூட இருக்கின்றன. வால்டியூபைத் துண்டாக்கி அதன் இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் சொருகினால், குச்சிகளை இணைக்கும் மூட்டு ஆகிவிடும். குச்சியின் மருந்தை நான் சுரண்டிவிட்டேன் (பார், மறுபடியும் நானே செய்துவிட்டேன், ஆனால் இது கூரியர்காரர் பயத்தில்). இந்த விளையாட்டை அரவிந்த் குப்தா என்ற ஐ.ஐ.டி. இன்ஜினியர் மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தபோது கண்டுபிடித்தார். நாலு குச்சியில் சதுரம் செய்தால் அழுத்தினதும் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. உங்கள் மாடியிலிருந்து தெரியும் ஹை டென்ஷன் டவரைக் காட்டி, அதில் எத்தனை முக்கோணம் என்று எண்ணச் சொல். மாப்பிள்ளையும் சேர்ந்து எண்ணட்டும், வேலை விஷயம் கொஞ்ச நேரம் மறக்கும்.

ஆகஸ்ட் 18-ஐக் காலண்டரில் குறித்து வை. அன்று பெங்களூரில் மத்தியானம் 12.23 வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்ட குச்சிக்கு நிழலே விழாது. பால்கனியில் தெரியாது, மொட்டைமாடிக்குப் போக வேண்டும். சூரியன் தெற்கே இறங்கி வருவதால் எங்களுக்கு இங்கே 27, 28 வாக்கில்தான். நீங்கள் பார்த்த பிறகு அவன் எனக்குப் போன் பண்ணி, எங்கள் குச்சிக்கு அன்று எவ்வளவு நிழல் என்று கேட்கட்டும், நானும் அளந்து வைக்கிறேன். மேகம் மூடினால் போச்சு, அடுத்தது ஏப்ரல் 24-ல்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் மோட்டாரோடு மல்லுக்கட்டும்போது நீ வேறு அறைக்குப் போய்விடு. முடியாவிட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள். எனக்கு வீடியோ கால் போட்டு, "தாத்தா, ஏன் சுத்தலை?" என்று காட்டினால் நான் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் சுற்றும்வரை எனக்கு வீடியோ வேண்டாம்.

முடிந்தால் அவன் தூங்கிய பிறகு நீயும் ஒரு காயில் சுற்றிப் பார். 20 மீட்டரில் இருபது காயில் வரும். தீர்ந்துவிட்டால் சொல், கடையில் இன்னும் இரண்டு கிலோ கிடக்கிறது. வீணாகட்டும்.

அன்புடன்,
அப்பா