விற்பதற்கு முன் இதைப் படி

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாட்டை விற்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை உட்கார வைத்தது. மூன்று முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லையாம், அதனால் மலடாம். பரிசோதித்தது யார்? ஊசி போட்டது எந்த நேரத்தில்? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மாட்டின் கொம்பழகைப் பற்றி மட்டும் அரைப் பக்கம்!

ஒற்றை மாடு வைத்திருப்பவர்களின் சங்கடமே இதுதான். கூட்டத்தில் நிற்கும் மாடு பருவத்துக்கு, அதாவது சினை பிடிக்கத் தயாரான நிலைக்கு, வந்தால் மற்ற மாடுகள் மேலே தாவும், அது அசையாமல் நிற்கும், நமக்கும் தெரிந்துவிடும். கட்டுத்தறியில் தனியாக நிற்பது என்ன செய்யும்? கத்தும், தீனியைக் குறைக்கும், பால் கொஞ்சம் இறங்கும். சில மாடுகள் அதுவும் செய்யாது. போதாததற்கு, அறிகுறிகள் அதிகம் தெரிவது இரவிலும் விடியலிலும்தான். நீயோ எட்டு மணிக்கே குறட்டை விடுகிற ஆள்.

விடிவதற்கு முன் டார்ச்சோடு போய்ப் பார். கண்ணாடி மாதிரித் தெளிவாக, பிறப்புறுப்பிலிருந்து அறுந்து விழாமல் இழையாகத் தொங்கும் சளி மாதிரி வழும்பு இருந்தால் அதுதான் பருவம். வாலில் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்றும் பார். இரத்தம் கலந்து வந்தால் பருவம் முடிந்து ஓரிரு நாள் ஆகிவிட்டது. அப்போது போடுகிற ஊசி வீண். தேதியைக் குறித்துவைத்து, இரண்டரை வாரம் கழித்து மறுபடி கவனி. சுழற்சி சுமார் 21 நாள். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். பருவம் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். அதனால்தான் இந்தக் கணக்கு.

இன்னொன்று, விலா எலும்பை எண்ண முடிகிற மாட்டிடம் சினையை எதிர்பார்க்காதே. கன்று போட்ட புதிதில் தின்பதைவிடப் பாலுக்குப் போவது அதிகம். உடம்பு வற்றினால் பருவம்தான் முதலில் நின்றுபோகும். இதில் நீ பெரிய கலப்பின மாடு வாங்கப் போகிறாயாம்! இருக்கிற மாட்டுக்கே தீவனம் போதவில்லை. பெரிய உடம்புக்கு எங்கே போவாய்? பெரிய மாட்டை அரைப்பட்டினி போடுவதைவிடச் சின்ன மாட்டுக்கு வயிறு நிறையப் போடுவது மேல் என்பேன்.

சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்று 85 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். நம் மாதிரிச் சிறு விவசாயிகளுக்கு அது எப்போதாவதுதான் நடக்கும், அதற்காக அழாதே. பால் நின்றாலும் சாணம் நிற்பதில்லை. காளைக்கன்று பிறந்தால் நாளை ஏருக்கு ஆகும், கிடேரி என்றால் இன்னொரு மாடு. தரகன் விலை சொல்லும்போது இதையெல்லாம் கணக்கில் சேர்க்க மாட்டான்.

கால்நடை மருத்துவரை அழைத்துக் கர்ப்பப்பையைப் பார்க்கச் சொல். கோளாறு இருக்கிறது, தீராது என்று அவர் சொன்னால் விற்றுவிடு, நான் வாயே திறக்க மாட்டேன். அதுவரை தரகனை வாசலில் ஏற்றாதே. ஊசி போட்ட தேதிகளையும் நேரங்களையும் எழுதி அனுப்பு. ஞாபகமில்லை என்றால் தங்கச்சியைக் கேள், அவள் எங்காவது குறித்து வைத்திருப்பாள்.

அன்புடன்,
ராஜு