டீக்கு சர்க்கரை போட்டாச்சா?

கருங்கல்

மக்களே,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதான் எழுதுகிறேன்.

உன் கம்பெனியில் தொழிலாளிகளுக்கு யோசனைப் பெட்டி வைத்து ஒரு மாசம் ஆகியும், டீயில் சர்க்கரை போதாது என்ற ஒரே துண்டுச் சீட்டுதான் கிடந்தது என்றாய். "இவங்களுக்கு அக்கறையே இல்லம்மா" என்றாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா இருபத்திரண்டு வருஷம் அண்டியாபீசில், அதான் முந்திரி ஆலையில், பருப்புக்குத் தொலி உரித்தவள். முழுப்பருப்புக்கு ஒரு கூலி, நொறுங்கினதுக்குக் குறைச்சல். ஒரு சமயம் போர்மாவிலிருந்து, அதான் பருப்பைத் தட்டில் வைத்து உலர்த்துகிற சூட்டு அறையிலிருந்து, வந்த பருப்பில் பாதி கருகல், விரல் பட்டாலே பொடியும். மீதி ஈரம், தொலி விடாது; கத்தியால் சுரண்டணும். அடுப்புப் பக்கத்துத் தட்டை யாரும் இடையில் மாற்றி வைக்கவில்லை என்பது எங்கள் வரிசையில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தி மேஸ்திரியிடம் சொன்னாள். "உன் வேலையைப் பாரு." அதோடு சரி. அப்புறம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒரு பவுண்டுக்கு 320 எண்ணம் நிற்கிற முழுப்பருப்பு நொறுக்கு விலைக்குப் போனது. எங்களுக்கும் நட்டம், முதலாளிக்கும் நட்டம்.

கமிட்டி இல்லாமலா? நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து உட்கார கமிட்டி வைக்க அரசாங்கம் சொல்லலாம் என்று 1947 சட்டத்திலேயே இருந்ததாம். நிர்வாகத்தில் தொழிலாளிக்குப் பங்கு வேணும் என்று 1976-இல் அரசியல் சட்டத்திலும் சேர்த்தார்களாம். சங்கத்துக்காரர் சொல்லுவார். எங்கள் கமிட்டியில் பேசினதெல்லாம் தண்ணிப் பானையும் கக்கூசும்தான். போர்மா பேச்சை எடுத்தால் "அது நிர்வாக விஷயம்."

பிறகு ஒரு மேனேஜர் வந்தார். எங்களோடு தரையில் உட்கார்ந்து பத்துப் பருப்பு உரித்தார், எட்டை நொறுக்கினார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். அப்புறம்தான் கேட்டார், ஏன் நொறுங்குதுன்னு. மூணாம் நாள் தட்டை மாற்றி வைத்தார்கள். மறுவாரம் அவரே வந்து, "இப்போ எப்படி?" என்றார். காலையில் அரைமணி நேரம் தள்ளித் தொடங்கக் கேட்டோம். பாய்லர் கணக்கைச் சொல்லி முடியாது என்றார். கோபமே வரவில்லை, காரணம் சொன்னாரே.

நீ ஷிப்டு நேரத்தை மாற்றிவிட்டு அதற்கப்புறம் கூட்டம் போட்டாய் என்று உன் பெண்டாட்டி சொன்னாள். அது கேட்கிறது இல்லை மக்களே, அறிவிக்கிறது.

சீட்டு எழுதினவன் இப்போ உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். டீக்கு சர்க்கரை போட்டாச்சா? அதை முதலில் சொல்லு.

அம்மா